கால் படும் பாடு

எருமைக்குக் குளம்பு உண்டென்பதை நிகண்டு கற்றவரும் அறிவர், அதனிடம் உதைபட்டவரும் அறிவர். ஆயினும் படுவான்கரையில் எருமைப் பட்டி வைத்திருக்கும் எந்தப் போடியாரும் 'எருமை குளம்பால் உதைத்தது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. உதைப்பது கால், ட்ரக்டர் வருவதற்கு முன்னெல்லாம் களவெட்டியில் சூடு மிதித்ததும் கால். தொடை தொடங்கி நகத்தின் நுனிவரை சகலத்தையும் இந்த ஓரசைச் சொல்லுக்குள் அடக்கிய நம் முன்னோர், அதோடு திருப்தியடையாமல், ஓடுகிற நீரையும் வீசுகிற காற்றையும் பந்தலைத் தாங்கும் கம்பத்தையும் நாலில் ஒரு பங்கையும் அதன்மேல் ஏற்றிவைத்தார்கள். வாயில்லாத ஜீவனின் கால் என்பதால் ஆட்சேபம் எழவில்லை போலும்.

இந்தப் பாரத்தின் விளைவை ஒரு மாரிக்குப் பின் நேரிலே கண்டேன். மாடுகளின் வாயிலும், பிளந்த குளம்பின் நடுவிலும் கொப்புளம் எழுப்புகிற ஒரு வியாதிக்குத் தடுப்பூசி போடப்போவதாக ஒரு காரியாலயத்திலிருந்து துண்டுப் பிரசுரம் வந்தது. வியாதியின் பெயர் கால் வாய் நோய். அச்சுக்கோத்தவர் காகிதத்தைச் சிக்கனம் பண்ணும் உத்தமர். காலுக்கும் வாய்க்கும் நடுவே விடவேண்டிய இடத்தை விடாமல் 'கால்வாய் நோய்' என்று ஒட்டிவிட்டார். உன்னிச்சைக் குளத்து நீர் தம் வயலுக்கு வருகிற வழியைத் தவிர வேறு கால்வாய் எதையும் அறியாத அயல் போடியார், பிரசுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"வாய்க்கால் தூந்துபோனா மண்வெட்டி எடுப்பம், வட்டவிதானையக் கூப்பிடுவம். ஊசிய எங்க மனே போடுற?"

அவரைக் குற்றம் சொல்ல இயலாது. கால் முன்னே வந்தால் கால்வாய், வாய் முன்னே வந்தால் வாய்க்கால். எப்படிப் புரட்டினாலும் தண்ணீர்தான் ஓடுகிறது. குறித்த நாளில் எருமைகள் கால்நடையாகவும் கால்நடை வைத்தியர் மோட்டார் சைக்கிளிலும் வந்து சேர்ந்தார்கள். பட்டி முழுவதையும் ஊசிக்கு ஒப்புக்கொடுத்த போடியார், வந்தவர் வந்ததோடு வாய்க்காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்காமல் விடவில்லை.

கணக்கிலே இதனினும் வேடிக்கை. நாற்கால் பிராணிக்கு ஒரு கால் நாலில் ஒன்றாதலால், நாலில் ஒன்றுக்கே கால் என்று பெயராயிற்று என்பர். வடமொழியாரும் பாதத்தைக் கொண்டு இதே கணக்கைப் போட்டு, நாலில் ஒரு பங்கையும் சுலோகத்தின் நாலில் ஒரு கூறையும் பாதம் என்றே வழங்கினார்கள். 1872 முதல் நூறு சதமாக எண்ணப்பட்டுவரும் நம் ரூபாயில் கால் ரூபாய் 25 சதத்தோடு நின்றுவிடுவது இந்த மிருகங்களின் உபயம். மனிதனின் காலை வைத்து எண்ணியிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

பாதத்துக்கு இன்னொரு பெயரான அடியின் கதை மிக நீளம். கல்லடிப் பாலத்தைத் தாண்டும் வெளியூர்ப் பிரயாணிகள் ஊரின் பெயரைக் கேட்டுத் தலையைத் தடவிக்கொள்வதோடு அதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

எழுத்திலும் கால் நுழைந்திருக்கிறது. நாம் அரவு என்று சொல்லும் குறியைத் தமிழ்நாட்டார் துணைக்கால் என்பார்கள்; கொம்பு இரு கரையாருக்கும் கொம்புதான். பசுவைக் குறிக்கும் 'கோ' என்ற எழுத்தை அவர்கள் முறைப்படி பார்த்தால், முன்னே ஓர் இரட்டைக் கொம்பும் பின்னே ஒரு காலுமாக நிற்கிறது. நாலில் ஒரு காலே இருப்பதால், மேற்படி கணக்கின்படி அது கால் பசு. நம் முறைப்படி பார்த்தாலோ, அந்த ஒரு காலும் இல்லை. பசுவின் பின்னால் பாம்பு.