கலிபோர்னியா ஹோட்டலில் ஒரு மேளக் கச்சேரி

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' பாட்டு எப்படி முடியும் என்று என் பத்தொன்பது வயதுக்கு முன்னர் யாராவது கேட்டிருந்தால், நாதஸ்வரத்தில் முடியும் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

குற்றம் அப்பாவுடையது. பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணை, 1988இல் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ரெக்கோடிங் பாரில் டி.டி.கே. கசெற் வாங்கிக் கொடுத்து அடிப்பித்த பாட்டு அது. ஒருநாள் ரியூசனுக்கு நேரமாச்சென்று பாதிப் பாட்டில் நிப்பாட்டிவிட்டு ஓடிவிட்டார். அன்று பின்னேரம் றேடியோவில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம். உள்ளே கிடப்பது எந்தக் கசெற் என்று அப்பா பார்க்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டார். கசெற்றின் முதுகிலுள்ள சின்னத் தகட்டை முறித்து வைத்திருந்தால் அமெரிக்காக்காரர் தப்பியிருப்பார்கள். அண்ணை அப்பாவோடு ஒரு கிழமை முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

அழிந்த இடம்தான் கொடுமை. ஆறரை நிமிடப் பாட்டில் பாடுகிற பகுதி நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குப் பிறகு டொன் ஃபெல்டரும் ஜோ வோல்ஷும் மாறிமாறியும் சேர்ந்தும் கிற்றார் வாசிப்பார்கள். உலகம் அந்தப் பாட்டைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதே அந்த இரண்டு நிமிடத்துக்காக. எங்கள் கசெற்றில் கிற்றார் வாயைத் திறக்கும், 'டக்' என்றொரு சத்தம், பிறகு தவில்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, கரண்ட் போனது. பற்றறி தடைசெய்த சாமான். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். அரைப் பாட்டுக்கு உயிர் வந்தது. கடைசியில் எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவைத்து, வயரை ரேப் ரெக்கோடரின் பற்றறிப் பெட்டிக்குள் செருகினோம். டைனமோவும் ஆறு வோல்ற், நாலு பற்றறியும் ஆறு வோல்ற். நடுவில் ஒரு டயோட். ஆனாலும் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், தம்புரா போட்டதுபோல, ஓடிக்கொண்டேயிருக்கும். பெடலை எவ்வளவு வேகமாய்ச் சுத்தினாலும் பாட்டுப் பறக்காது. ஆனால் கை கொஞ்சம் சோர்ந்தால் போதும், பாடுகிற டொன் ஹென்லி கள்ளுக்கொட்டிலால் வெளிக்கிட்ட ஆள்போல இழுக்கத் தொடங்கிவிடுவார்.

அப்பம்மாவுக்கு நாதஸ்வரம் வேணும். கசெற்றைப் பேனையில் கோத்துச் சுத்தினால் நேரே அங்கே போகலாம். நாங்கள் அதைச் சொல்லவில்லை. ஹோட்டலைத் தாண்டாமல் கோயிலுக்குப் போக ஏலாது என்று சொல்லி வைத்திருந்தோம். பாவம், ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் வெற்றிலையை இடித்தபடி காத்திருப்பா.

"இவன் என்ன மோனை கத்துறான்?"

"ஹோட்டலைப் பற்றி, அப்பம்மா."

"சாப்பாடு சரியில்லையாமே?"

உள்ளே போனவன் வெளியே வர முடியாத ஹோட்டல் என்று அண்ணை விளங்கப்படுத்தினார். அப்பம்மா ஆச்சரியப்படவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட புலிகள் இயக்கத்தின் பாஸ் எடுக்கவேண்டும், ஆள்பிணை வைக்கவேண்டும், பிறகு இரவில் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறவேண்டும். "அவனுக்குப் பாஸ் குடுக்கேல்லைப் போல" என்றா.

கிற்றார் அறுந்து தவில் தொடங்குகிற இடத்தில் அண்ணை பெடலை என்னிடம் தந்துவிட்டு, அழிந்துபோன கிற்றாரை வாயால் வாசித்துக் காட்டுவார். எச்சில் தெறிக்கும். பின்னணியில் பத்மநாதன்.

பின்னாளில் ஃபெல்டர் சொன்ன ஒரு கதை எனக்குப் பெரிய ஆறுதல். மயாமியில் இந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, முதலில் வீட்டில் பதிந்த மாதிரியே அச்சொட்டாய் வாசிக்கவேண்டும் என்று ஹென்லி பிடிவாதம் பிடித்தாராம். ஃபெல்டருக்கு அது மறந்துபோச்சு. கசெற்றோ வீட்டில். வேலைக்காரப் பெண்ணுக்கு ஃபோன் எடுத்து, கசெற்றைப் போட்டு ரிசீவரை அதற்குமுன் பிடிக்கச் சொல்லிக் கேட்டு வாசித்தாராம். ஆக, பாட்டைப் பெற்றவருக்கும் கசெற்றால் கரைச்சல்தான். என்ன, அவருக்கு ஃபோன் வேலை செய்தது.

1980இல் பிரிந்து, நரகம் உறைந்தால்தான் சேருவோம் என்றிருந்த குழு 1994இல் சேர்ந்தது. மின்கிற்றாரை ஒதுக்கிவிட்டு மரக்கிற்றாரில் இதே பாட்டை வாசித்தார்கள். கரண்ட் இல்லாத வாசிப்பென்று சனம் காசு கொடுத்துப் போய்க் கேட்டதாம். நாங்கள் நாலு வருசமாய் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை.

1997இல் காங்கேசன்துறையில் கப்பலேறி, திருகோணமலை இறங்கிக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஒரு சினேகிதனின் அறை. சுவரில் பிளக் பொயின்ற். கையை வைக்காமலே பாட்டு ஓடியது. தம்புரா இல்லை. ஹென்லி வெறி முறிந்து நிதானமாய்ப் பாடினார். கிற்றார் தொடங்கியது. 'டக்' இல்லை. இரண்டு கிற்றாரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறின, இறங்கின, மெல்லமெல்லத் தேய்ந்து இல்லாமல் போயின.

நான் அசையாமல் இருந்தேன்.

"என்னடா, எப்பிடி?" என்றான் சினேகிதன்.

"பொறு, இனித்தான் மேளம்."