பட்டும் கொல்லாமையும்

கேள்வி: புலால் உண்ணாத வீட்டுக் கல்யாணத்தில் காஞ்சிப் பட்டு உடுத்தலாமா?

பதில்: கொல்லாமைதான் காரணம் என்றால், கூடாது. காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் பட்டுநூலில் பெரும்பகுதி கர்நாடகத்துக் கூடுகளில் பிறந்தது. ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இழை, அறுபடாமல் சுற்றியிருக்கும். உள்ளிருக்கும் புழு பூச்சியாகித் துளைத்து வெளியேறினால் இழை துண்டாகிவிடும். அதனால் முன்கூட்டியே ஆவியிலோ வெப்பக்காற்றிலோ அதைக் கொன்றுவிடுகிறார்கள். காய்ந்த கூட்டைக் காதருகே உலுக்கினால் செத்த புழு கடகடவென உருள்வது கேட்கும். நூல் எடுத்தபின் எஞ்சும் புழு கோழித் தீவனமாகவும் போகிறது. தட்டில் தள்ளிய கொலை புடவை வழியே திரும்பி வருகிறது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளே பட்டைத் தவிர்க்கச் சொன்னவர். ஹைதராபாத்தின் குசும ராஜய்யா, பூச்சி வெளியேறிய கூடுகளை நூற்று ‘அகிம்சைப் பட்டு’ நெய்தார். மினுமினுப்பு குறைவு, விலை கூடுதல். முகூர்த்தத்துக்கு அதுவே தகும்.