பைய ஏறு தம்பி

அந்தக் கடுதாசிய இங்கிட்டுக் குடு தம்பி, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாக்குறேன். அடேயப்பா! கம்ப்யூட்டர்ல அடிச்சு, பச்சையும் மஞ்சளுமாக் கட்டம் போட்டு, கலியாணப் பத்திரிகை கெட்டுச்சு போ.

"காலை 4.30 எழுந்திருத்தல். 5.00 மட்டாஞ்சேரி புறப்பாடு. 7.50 சீயப்பாறை அருவி, 12 நிமிடம்." அதென்னப்பா 12 நிமிசம்? பதிமூணாவது நிமிசம் தண்ணிய அடைச்சுருவாங்களா? "9.30 ராஜமலை வரையாடு. 11.45 மாட்டுப்பட்டி அணை. 12.30 எக்கோ பாயிண்ட். 1.15 குண்டளை ஏரி. 2.00 மதிய உணவு, காரிலேயே. 2.40 டாப் ஸ்டேஷன்." கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்க? "இரவு 9.00, குடும்பத்தோடு மனம்விட்டுப் பேசுதல், 20 நிமிடம்."

நல்லாத்தான் இருக்கு. அம்புட்டுக்கும் நேரம் ஒதுக்கிட்ட. ஒன் மாமியாவுக்குச் சர்க்கரை, ஒன் மவனுக்கு நாலு வயசு. அவுக ரெண்டு பேரும் ஒண்ணுக்குப் போக இதுல எங்கப்பா கட்டம்?

கோவிச்சுக்காத. நான் போடிக்காரன். மெளகு மூடையும் ஏலக்கா மூடையும் ஏத்திக்கிட்டு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வந்த லாரிக்காரன், அப்படியே இங்கனயே தங்கிப் பேரன் பேத்தி எடுத்துட்டேன். நீ சுத்திப் பாக்கப் போற மூணாறு ரோடு எனக்குச் சோறு போட்ட ரோடு. நாலு வார்த்தை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. நீ கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன்.

குண்டன்னூர்ல ஏறுவியே, அது கொச்சி–தனுஷ்கோடி ரோடு. முன்ன 49ஆம் நம்பர், இப்ப 85ன்னு மாத்திட்டாங்க. நம்பர மாத்துனா வளைவு கொறையுமா என்ன? திருப்பூணித்துறை, மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வரைக்கும் சமவெளி. அங்க நீ பாட்டுக் கேளு, பன்னு தின்னு, பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கு, என்னமும் பண்ணு. நேரியமங்கலம் பாலம் வந்ததும் வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு. 1935ல தெறந்த பாலம் அது. அதத் தாண்டுனா காடு.

அதுக்கும் முந்தி வேற ரோடு இருந்துச்சு தம்பி. பூயங்குட்டி, மாங்குளம் வழியாப் போகும். 1924 வெள்ளம் அதக் கொண்டுபோயிருச்சு. கொல்லம் ஆண்டு 1099ல வந்ததால மலையாளத்துக்காரக இன்னைக்கும் '99 வெள்ளம்'னுதான் சொல்லுவாக. அதே வெள்ளத்துல மூணாறு ரயிலும் போச்சு. சிரிக்காத, நெசமாத்தான். மூணாறுல ரயில் ஓடுச்சு. 1902ல ஒத்தைத் தண்டவாளம், மாடு இழுத்துச்சு. 1908ல சின்ன ரயிலா மாத்துனாங்க. தேயிலைப் பொட்டி டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல போகும், அங்கேருந்து கம்பிக் கயித்துல தொங்கிக்கிட்டே கோட்டகுடிக்கு எறங்கும், அப்புறம் போடி. எங்க தாத்தா கோட்டகுடியில பொட்டி எறக்குனவரு. 2.40க்கு வந்துட்டு 2.55க்குக் கெளம்புறவன் எவனையும் அவரு அங்க பாத்ததில்ல.

சரி, வண்டிக்கு வருவோம். பின்னாடி என்னத்தையெல்லாம் திணிச்சு வச்சிருக்க? கூடாரமா? ரூம் போட்டாச்சுன்னு ஒங்கம்மா சொன்னாளே! மழை பேஞ்சா ரூமுக்குள்ள கூடாரம் அடிச்சுக்குவீக போல. இது என்ன டப்பா? ஆக்சிசனா? அடப் பாவி, மூணாறு 5,000 அடி சொச்சம். அங்க பொறந்து, செருப்பு இல்லாம ஓடி, பள்ளிக்கூடத்துக்கு மலையேறிப் போன சனம் ஆயிரக்கணக்குல இருக்கு. ஒருத்தரும் டப்பாவத் தூக்கிட்டு அலையல. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம். நீ அங்க போயி குடிக்கப் போறது ரெண்டு டீ. அதுக்கா இம்புட்டு மூட்டை?

பாரம் கூடுனா பிரேக்குக்கு வேலை கூடும். அத எவனும் ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டான். ஏறும்போது எந்தக் கியரு கேக்குதோ, அதே கியர்லதான் எறங்கணும். எறக்கம் வந்ததும் பெட்ரோல மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல விட்டுட்டு, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு எறங்குவான் பாரு, அவன் வண்டியில பத்தாவது வளைவுல தீஞ்ச வாடை வரும். அதுக்கப்புறம் மிதிச்சாலும் வண்டி நிக்காது. ஒன் வண்டி ஆட்டோமேட்டிக்கா? அதுலயும் 'எல்'னு ஒரு எழுத்து இருக்கும், இல்லாட்டி கூட்டல் கழித்தல் போட்டிருக்கும். அத அழகுக்கா வச்சிருக்கான்? எதுத்தாப்புல ஏறி வர்ற லாரிக்கு வழி விடு. நிறுத்துன லாரிய ஏத்தத்துல மறுபடி எடுக்குறது எம்புட்டுப் பாடுன்னு ஓட்டுனவனுக்குத்தான் தெரியும். வளைவுல ஆரன் அடி. பனி எறங்குனா ஹெட்லைட்டத் தாழ்த்து. உசத்திப் போட்டா வெளிச்சம் திரும்பி ஒன் கண்ணுலயே வந்து குத்தும். இருட்டுனப்புறம் மலையில வண்டி ஓட்டாத. ராத்திரியில அங்க பாக்க என்ன இருக்கு?

ஏசியப் போட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு, புள்ள கையில போனக் குடுத்து, வளைவு வளைவா ஓட்டுனா அது வாந்தி எடுக்காம என்ன செய்யும்? அப்புறம் அதுக்கு மாத்திரை, மணிக்கட்டுப் பட்டை, இஞ்சி மிட்டாய்னு ஒரு பை. கண்ணாடிய எறக்கி விட்டு, வெளிய பாக்கச் சொல்லு. காலையில ரெண்டு இட்டிலியோட நிறுத்து. மாமியா பரோட்டாவும் பீஃபும் கட்டி எடுத்துருப்பாக, அதப் போய்ச் சேந்தப்புறம் திங்கலாம்.

போன்ல வழி பாத்துப் போவியா? பாரு, பாரு. 2024 மே மாசம் ஐதராபாத்துலேருந்து வந்த நாலு பேரு, கோட்டயம் குறுப்பந்தறைகிட்ட மழை ராத்திரியில போன் சொன்ன வழியில போயி, காரோட ஓடைக்குள்ள எறங்கிட்டாங்க. ஆள் தப்பிச்சாச்சு, கார் முங்கிப்போச்சு. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொன்ன காலம் போயி, காரையே விடுற காலம் வந்துருச்சு. கண்ணாடிய எறக்கி, "சேட்டா, மூணாறு வழி இதானே?"ன்னு டீக்கடையில கேட்டா என்ன தேஞ்சா போயிருவ? கேக்க வெக்கமா இருந்தா ஒரு கட்டன் சாயா வாங்கிக் குடி. வழியும் சொல்லுவாக, எங்க மண்ணு சரிஞ்சு கெடக்குன்னும் சொல்லுவாக. தேவிகுளம் தாண்டி கேப் ரோட்டுல மழைக்காலத்துல பாறை உருண்டு வர்றது ஒன் போனுக்கு எப்பத் தெரியும்? அந்தச் சாயாக்கடைக்காரனுக்கு அப்பவே தெரியும்.

யானைய எந்தக் கட்டத்துல எழுதியிருக்க? காணலையே! மூணாறுல 'படையப்பா'ன்னு ஒரு கொம்பன் இருக்கு. ரஜினி படத்தப் பாத்துச் சனம் வச்ச பேரு. ரோட்டுல நின்னா நின்னதுதான், பஸ்ஸெல்லாம் பின்னால போகும். அது நின்னா நீயும் தள்ளி நில்லு. எறங்கி செல்ஃபி எடுக்காத. வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டா கடிக்கத்தான் செய்யும், இது ஓணான் கூட இல்ல.

சுற்றுலான்னா அரிக்கொம்பன் போனதுதான் சுற்றுலா. சின்னக்கானல்ல ரேசன் கடைய ஒடச்சு அரிசி தின்னுக்கிட்டு இருந்த யானை. 2023 ஏப்ரல் கடைசியில மயக்க ஊசி போட்டு, லாரியில ஏத்தி, பெரியாறு காட்டுல கொண்டுபோயி விட்டாங்க. கழுத்துல ரேடியோப் பட்டை வேற. அது ஒரு மாசம் சுத்திப் பாத்துட்டு, மே மாசம் கம்பம் டவுனுக்குள்ளயே எறங்கி வந்துருச்சு. ஊருக்கு 144 தடை போட்டாங்க. பாவம், அடிபட்டு ஒருத்தர் செத்தும் போனாரு. சூன் மாசம் மறுபடி ஊசி, மறுபடி லாரி, இந்தத் தடவை களக்காடு முண்டந்துறைக் காடு. இடுக்கி, தேனி, திருநெல்வேலின்னு மூணு ஜில்லா. ரூம் போடல, கட்டம் போடல, பொட்டி படுக்கை கெடையாது. அதுக்குப் பட்டை மாட்டி எங்க போகுதுன்னு பாக்க ஆபீசருக. நீ ஒன் கைக்கு நீயே பட்டை மாட்டிக்கிட்டு எத்தனை அடி நடந்தேன்னு எண்ணிக்கிட்டு இருக்க.

அதென்ன இது, "தேயிலை பறிக்கும் அனுபவம், 4.30"? காசு குடுத்துச் சேலைய வாடகைக்கு வாங்கி, கூடையத் தலையில மாட்டிக்கிட்டுப் போட்டோ எடுப்பீகளா? எடுங்க, நல்லா எடுங்க. 2015 செப்டம்பர்ல நெசமாலுமே கூடை தூக்குற பொம்பளைக ரோட்டுல வந்து உக்காந்தாங்க. பெம்பிளை ஒருமைன்னு பேரு. பெரும்பாலும் நம்ம தமிழ்ப் பொம்பளைகதான். அப்ப நாள் கூலி 232 ரூபா. 20 சதவீதம் போனஸ் கேட்டு இந்தக் கொச்சி–தனுஷ்கோடி ரோட்டையே மறிச்சாங்க. தொழிற்சங்கத் தலைவருகளக் கிட்ட வராதேன்னு வெரட்டி விட்டுட்டு, கேட்ட போனஸ வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க. பொறவு கூலி 301 ஆச்சு. வாடகைச் சேலைக்கு நீ எம்புட்டுக் குடுக்கப் போற? வேணாம், சொல்லாத.

ராஜமலையில வரையாடு பாக்க வனத்துறை வண்டியிலதான் ஏத்திக் கூட்டிப்போவாங்க. குட்டி போடுற காலத்துல, பிப்ரவரி மார்ச்சுவாக்குல, பூட்டிருவாங்க, கேட்டுக்கிட்டுப் போ. அங்கேருந்து உள்ள போனா பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு லயன் வீடுகள மூடிருச்சு. 70 பேரு. பெரும்பாலும் நம்ம பக்கத்துலேருந்து பொழைக்கப் போனவுக வம்சம். அங்க பாயிண்ட் எதுவும் இல்ல தம்பி. புள்ள கேட்டா சொல்லிக் குடு.

ஏலக்கா வாங்கணும்னு மருமக சொல்லிச்சாமே? வழியில கண்ட கடையிலயும் நிறுத்தாத. பச்சைப் பசேல்னு இருக்கேன்னு மயங்காத. ஒரு காய எடுத்து நகத்தால கீறு. உள்ள விதை கறுத்து, பிசுபிசுன்னு ஒட்டணும். வெளுத்துப் போயி உதிந்தா பிஞ்சு. மூடையில குத்தூசிய விட்டு எடுக்குற காயத்தான் நாங்க நம்புவோம், மேலாக்க இருக்குறத நம்ப மாட்டோம். எட்டு எம்.எம். காய்தான் வேணும்னா திரும்பி வந்தப்புறம் நானே ஜூ டவுன் பக்கம் கூட்டிப் போறேன். மலையேறிப் போயி மட்டாஞ்சேரி வெலையவிடக் கூடக் குடுத்து வாங்கிட்டு வந்தவுகளப் பாத்திருக்கேன், கடை பேரச் சொல்ல மாட்டேன்.

ரெண்டாம் நாள் கொடைக்கானலா? இ-பாஸ் எடுத்துட்டியா? முழிக்கிறியே! வண்டி பெருத்துப் போச்சுன்னு ஐகோர்ட்டு உத்தரவு போட்டு, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7லேருந்து இ-பாஸ் வச்சுட்டாங்களே. இத்தனை கலர்ல கட்டம் போட்ட புள்ளைக்கு அது தெரியலையா? விடு. கொடைக்கானல அடி. எக்கோ பாயிண்ட்டையும் அடி, கத்துனா திருப்பிக் கத்துறதுக்கு வீட்லயே ஆள் இருக்கு. ராஜமலை ஒண்ணு, டாப் ஸ்டேஷன் ஒண்ணு, போதும். சாயங்காலம் ஒரு எடத்துல உக்காரு. மாமியா காலை நீட்டட்டும். புள்ள மண்ணுல வெளையாடட்டும்.

மறுநா காலையில தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியா எறங்கு. பதினேழு கொண்டை ஊசி வளைவு. கியரு ஞாபகம் இருக்குல்ல? வளைவு முடிஞ்சா போடி. அங்க எந்தங்கச்சி வீடு இருக்கு, மத்தியானம் கோழி அடிச்சு வைப்பா, ஓட்டல் செலவு மிச்சம். நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

இல்லப்பா, அதுக்குன்னு கூடாரத்த எறக்கச் சொல்லல. எறக்குனா எடம் கெடைக்கும், அம்புட்டுத்தான். அவளுக்குக் கொஞ்சம் கருவாடு குடுத்து விடணும். ஒரு சாக்குதான். ஏசி போட்டா வாடை உள்ளயே சுத்தும், கண்ணாடிய எறக்கிக்க. அதத்தானே நான் அப்பலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்?