மோவாக்கட்டை வெவகாரம்

ஏண்டி ராசாத்தி, கல்யாண வீட்டுல மோவாக்கட்டையைத் துப்பட்டாவால மூடிக்கிட்டு மூலையில உக்காந்திருந்தியாமே? நாலு முடிக்கா இம்புட்டு ஒளிவு மறைவு? உங்க தாத்தன் அந்த நாலை முறுக்கிவிட்டே ஊர்ல பாதி நாட்டாமை பண்ணினவரு.

சரி, கேளு. ஆம்பளைச் சுரப்புன்னு சொல்ற டெஸ்டோஸ்டிரோன் பொம்பளை உடம்புலயும் ஊறும். சினைப்பையில கொஞ்சம், கிட்னி மேல குந்தியிருக்கிற அட்ரினல் சுரப்பியில கொஞ்சம். அது கூடிப்போனா, இருக்கிற எடம் தெரியாம இருந்த பூனைமுடி கறுத்துத் தடிச்சிரும். சிலருக்கு அளவு சரியாத்தான் இருக்கும். முடிவேருக்கு ரோசம் சாஸ்தி, கொஞ்சம் பட்டாலே துள்ளும். அது வம்சவாகு. எந்த வழி வம்சம்னு கேட்டா நான் உங்க ஆத்தாளைத்தான் கைகாட்டுவேன். என் மோவாயிலயும் ரெண்டு நிக்குதேங்கிறியா? அது வேற கணக்குடி. தூரம் நின்ன பெறகு பொம்பளைச் சுரப்பு வத்திரும், மத்தது மிச்சமா நிக்கும்.

உன் வயசுல முக்காவாசிப் பேருக்குக் காரணம் நீர்க்கட்டிதான். சிக்காகோவுல ரெண்டு டாக்டருங்க 1935லயே இதை எழுதி வச்சிட்டாகளாம். நம்ம ஊர்ல இன்னும், “மாசம் தள்ளித்தள்ளிப் போகுதா? கல்யாணம் ஆனா சரியாப் போகும்”ங்கிறாளுக. வர்ற மாப்பிள்ளை என்ன, நான் சுகருக்குத் திங்கிற மெட்பார்மின் மாத்திரையா? ஒடம்புல இன்சுலின் கூடினா அது சினைப்பையைச் சீண்டிவிட்டு ஆம்பளைச் சுரப்பைப் பெருக்கும். அதான் என் மாத்திரையைச் சில குமரிகளுக்கும் டாக்டரம்மா எழுதிக் கொடுக்கிறாக.

சிரைச்சா கத்தையா மொளைக்கும்னு எவடி சொன்னா? 1928லயே அமெரிக்காவுல ஆம்பளைகளைச் சிரைக்கவிட்டு அளந்து பாத்தாச்சு, ஒண்ணும் கூடலை. கூடுமுன்னா உங்க தாத்தன் தாடியில கயிறு திரிச்சே நான் நாலு சவரன் எடுத்திருப்பேன். கஸ்தூரி மஞ்சள் பூசு, மணக்கும். தடிச்ச முடி அதுக்கு மசியாது. ஆனா செவப்பாகணும்னு சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கிப் பூசுறியே ஸ்டீராய்டு கிரீமு, அது முடியையும் சேத்து மொளைக்க வைக்கும். அதை மொதல்ல குப்பையில போடு.

திடுதிப்புன்னு முடி மண்டி, கொரலும் ஆம்பளைக் கணக்கா கட்டையாச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சினைப்பையிலயோ அட்ரினல்லயோ கட்டி இருக்கலாம். உனக்கு அந்தப் பாடில்லை, போன்ல கீச்சு கீச்சுன்னுதான் கத்துற.

மாத்திரை தின்னா ஆறு மாசமாவது பொறுக்கணும். லேசருக்கும் ஒருதரம் போனாப் பத்தாது. ஆனா மொதத்தடவை பார்லர்ல நூல் போட்டு மொழுமொழுன்னு போயி நிக்காத. டாக்டரம்மா எதைப் பாப்பாக? ஒதடு, மோவாய், நெஞ்சு, வயிறுன்னு ஒம்பது எடத்தைப் பாத்து மார்க் போடுவாக. அங்க மார்க் கொறஞ்சாத்தான் நல்லது. உனக்குத்தான் அது பள்ளிக்கூடத்துலயே கைவந்த கலையாச்சே, கெளம்பு.