நடந்ததை நடக்காததாக்கிய நல்லவர்கள்

செத்தவரைப் பிழைக்கவைப்பது எந்தச் சித்தருக்கும் கைவராத வித்தை. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை எடுத்த லூக்கஸ்ஃபிலிம் நிறுவனத்தார் அதை 2014 ஏப்ரல் 25 அன்று ஓர் அறிவிப்பிலேயே சாதித்துவிட்டார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஒரு விண்வெளி மண்டலமே பிழைத்தது. கூடவே ஒரு மண்டலம் பிறக்காமலும் போனது. இதற்கெல்லாம் மனசு வேண்டும்.

‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படம் 1977இல் வந்தது. பிறகு படங்களுக்கு நடுவிலும் பின்னாலும் என்ன நடந்தது என்று நாவல்கள், காமிக்ஸ், வீடியோ கேம்கள் குவிந்தன. எல்லாமே நிறுவனத்தின் முத்திரையோடு, ‘இதுவும் அதே கதைதான்’ என்று விற்கப்பட்டவை. 2012இல் டிஸ்னி இந்த நிறுவனத்தை 405 கோடி டாலருக்கு வாங்கியது. ஒன்றரை வருடம் பொறுமையாக யோசித்து, ஆறு படங்களும் ‘தி க்ளோன் வார்ஸ்’ அனிமேஷனும்தான் நிஜமாக நடந்தவை என்று அறிவித்து, பழைய மற்றவற்றுக்கு ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். என்ன கண்ணியம் பாருங்கள்! வாசகன் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக்கூடப் பிடுங்கவில்லை. அதில் உள்ளது நடக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள்.

இந்தப் பெருந்தன்மைக்கு அஸ்திவாரம் முன்பே போடப்பட்டிருந்தது. 2000 முதல் லீலண்ட் சீ என்பவர் ‘ஹோலோக்ரான்’ என்ற தரவுத்தளத்தைப் பராமரித்துவந்தார். எந்தக் கிரகத்தில் எப்போது யார் எதைச் செய்தார் என்பதெல்லாம் அதில் பதிவு. பதிவுக்கு ஓர் அந்தஸ்தும் இருந்தது. உச்சியில் ஜி, அதாவது ‘ஸ்டார் வார்ஸை’ப் படைத்த ஜார்ஜ் லூக்கஸின் வாக்கு. அதற்குக் கீழே பின்னாளில் வந்து சேர்ந்தது டி, தொலைக்காட்சி. அதற்கும் கீழே சி, நாவலும் காமிக்ஸும். பிறகு எஸ், இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற ரகம். கடைசியில் என், நடக்கவே நடக்காதது. பிறப்பால் தகுதி தீர்மானமாகும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஆனால் இதில் மேலே ஏற வழி இருந்தது. ஜார்ஜின் கண்ணில் பட்டால் போதும். காமிக்ஸ் அட்டையில் நின்ற ஐலா செகூரா என்ற நீலநிறப் பெண் அப்படித்தான் 2002 படத்துக்குள் வந்தாள். பேரரசின் தலைநகருக்கு ‘கோரஸ்கான்ட்’ என்று பெயர் வைத்தவர் நாவலாசிரியர் டிமதி ஸான். அந்தப் பெயர் 1999 படத்தில் அரியணை ஏறியது. லூக்கஸோ இந்த நாவல்களைத் தாம் படிப்பதில்லை என்று பேட்டியில் சொன்னவர். படிக்காமலே உச்சநீதிமன்றமாக இருப்பதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டும்!

உச்சியில் இருந்த அந்த வாக்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு மதுக்கடை மேஜையே சாட்சி. 1977 படத்தில் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோ எதிரே உட்கார்ந்திருக்கும் க்ரீடோவை மேஜைக்கு அடியிலிருந்தே சுட்டுவிடுகிறான். க்ரீடோ சுடவேயில்லை. 1997 பதிப்பில் க்ரீடோ முந்திக்கொள்கிறான். கை நீட்டினால் மூக்கைத் தொடலாம், அவ்வளவு பக்கத்திலிருந்து சுட்டும் குறி தப்புகிறது. ஹானின் தலை மட்டும் கம்ப்யூட்டர் உதவியால் ஒரு பக்கமாகச் சற்றே நகர்ந்துகொள்கிறது. 2004இல் இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019 ஓடிடி வடிவில், க்ரீடோ ‘மக்லங்கி’ என்று வேறு சொல்லிவிட்டுச் சுடுகிறான். நான்கும் உண்மை, அந்தந்த ஆண்டுக்கு. சாட்சிகளை மாற்றாமல் சம்பவத்தை மாற்றுவது சாமானிய வேலையா?

இனி செத்தவர் கதைக்கு வருவோம். 1999இல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய ‘வெக்டர் பிரைம்’ நாவலில் ஹானின் தோழனான சூபாக்கா இறந்துபோகிறது. படையெடுத்து வந்தவர்கள் செர்ன்பிடல் கிரகத்தின் மீது அதன் சந்திரனையே இழுத்துப் போடுகிறார்கள். ஹானின் இளைய மகன் அனகினைக் கப்பலுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, சூபாக்கா தரையிலேயே நின்றுவிடுகிறது. கப்பலைக் கிளப்பிக்கொண்டு போனவன் அந்தப் பையனேதான். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையே அதனால் விழுந்த விரிசலை அடுத்து வந்த நாவல்கள் புத்தகம் புத்தகமாகப் பேசின. அழுத வாசகர்களும் உண்டு. நிறுவனத்தார் கருணையோடு அவர்கள் கண்ணைத் துடைத்துவிட்டார்கள்: சந்திரன் விழவில்லை, அனகின் பிறக்கவேயில்லை. அழுததற்கு மட்டும் அந்தஸ்து எழுத்து எதுவும் ஒதுக்கக் காணோம். 2015 படத்தில் சூபாக்கா நலமாக நடந்துவந்தது. அதே படத்தில் ஹான் செத்தான். கொன்றவன் அவனுடைய சொந்த மகன், இருள் பக்கம் போனவன். ஹானின் மகன் இருள் பக்கம் போவது பழைய நாவல்களிலேயே நடந்ததுதான், ஜேஸன் என்ற பெயரில். அது நடக்காத கதையாகிவிட்டதால், இது புத்தம்புதுக் கற்பனை ஆகிவிட்டது.

சிக்கனம் என்றால் இது. ஸான் 1991இல் படைத்த த்ரான் என்ற தளபதி மற்றவர்களோடு சேர்ந்து இல்லாமல் போனான். 2016இல் ‘ரெபல்ஸ்’ தொடரில் அழைத்துவரப்பட்டான். 2017இல் ஸானே அவனைப் பற்றி மறுபடி நாவல் எழுதினார். தான் பெற்ற பிள்ளையை இரண்டாம் முறை பெறும் பாக்கியம் எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும்? பேரரசன் பால்பட்டீன் குளோன் உடலில் திரும்பி வருவதும் 1991இல் தொடங்கிய ‘டார்க் எம்பயர்’ காமிக்ஸ் சரக்கு. 2019 படத்தில் அவன் திரும்பி வந்தபோது, ஒரு பாத்திரம் ‘எப்படியோ’ என்று சொல்லி விளக்கத்தை முடித்துக்கொண்டது. திரும்பிவிட்டேன் என்று அவன் விடுத்த அறைகூவல் படத்தில் ஒலிக்கவில்லை. படம் வெளியாகும் முன் ‘ஃபோர்ட்நைட்’ என்ற வீடியோ கேமுக்குள் ஒலித்தது. புதிய ஆட்சியில் படம், புத்தகம், விளையாட்டு எல்லாம் சரிசமம் அல்லவா? மண்டலத்தின் தலைவிதியை அறிய விரும்பியவன் அன்று துப்பாக்கியோடு அந்த ஆட்டத்தில் நின்றிருக்க வேண்டும்.

பழைய நாவல்களும் வீணாகவில்லை. அட்டையில் தங்கநிறப் பட்டை போட்டு, ‘லெஜண்ட்ஸ்’ என்று அச்சடித்து மறுபடி விற்பனைக்கு வந்தன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இது பிறக்கவேயில்லை என்று அறிவித்த பிறகும் ஆயிரம் பொன் பார்த்தவர்கள் இவர்கள்தாம்.

ஆலன் டீன் ஃபாஸ்டரைச் சொல்லாமல் விட்டால் இந்தப் புகழ் நிறைவுபெறாது. முதல் படத்தின் கதையை லூக்கஸ் பெயரில் நாவலாக எழுதிக் கொடுத்தவர் அவர். 1978இல் தம் பெயரில் ‘ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ’ எழுதினார். அதில் நாயகன் லூக்குக்கு இளவரசி லேயா மீது ஒரு மயக்கம். 1983 படத்தில் இருவரும் உடன்பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள், பாவம். 2020இல் ஃபாஸ்டர் பகிரங்கமாக ஒரு கேள்வி கேட்டார்: நிறுவனம் கைமாறிய பிறகு என் ராயல்டி எங்கே? உரிமைகளைத்தான் வாங்கினோம், கடமைகளை அல்ல என்பதே டிஸ்னியின் வாதம் என்று எழுத்தாளர் சங்கம் தெரிவித்தது. பிறகு விவகாரம் பேசித் தீர்க்கப்பட்டது. ஆனாலும் ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். படத்தின் நாவல் நடந்த கதை, ‘ஸ்ப்ளின்டர்’ நடக்காத கதை. ராயல்டியை நிறுத்தும்போது மட்டும் இரண்டுக்கும் நடுவே எந்தப் பாகுபாடும் பார்க்கவில்லை.