நிற்கிற வண்டிக்கு டிக்கெட்

பெறுநர்:
வண்டி ஸ்டாண்டு நிர்வாகத்தார் அவர்கள்,
டிக்கெட் கவுண்டருக்குப் பின்புறம், வேப்பமரத்தடி.

ஐயா,

மூன்று வருஷமாகத் தங்களிடம் வண்டி விடுகிறவன் நான். பெயரைச் சொன்னால் தெரியாது. ‘ரெண்டாவது வரிசை, கறுப்பு வண்டி, சீட்டு கிழிஞ்சது’ என்றால் டோக்கன் போடும் தம்பி சட்டென்று கை காட்டுவார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரையில் இறங்க 10 ரூபாய். 29 கிலோமீட்டர். 1931இல் தொடங்கிய தடம். நம் ஸ்டேஷனிலிருந்தும் அதே கட்டணம்தான். போக வர 20. அத்தனை தூரமும் என்னைச் சுமந்து, காற்று வாங்க வைத்து, சுண்டல் விற்பவரையும் அனுப்பி வைக்கிறார்கள். அதே நாள் முழுக்க ஓர் அங்குலம்கூட நகராத என் வண்டிக்குத் தாங்கள் வாங்குவது 25. போனவனைவிட நின்றவனுக்குச் செலவு அதிகம் என்ற தத்துவம் புரிய எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

பலகையைப் படித்தால் புரியும் என்றார் தம்பி. படித்தேன். 6 மணி நேரம் வரை 15, 12 வரை 25, 24 வரை 40. அதற்குக் கீழே ‘மாத சீசன்’ என்று ஆரம்பிக்கிறது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சுரண்டிப் பார்க்க மனசு வரவில்லை. “சீசன் எவ்ளோ தம்பி?” என்றேன். “அது இப்ப இல்ல சார்” என்றார். அஞ்சலி யாருக்கு என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த 12 மணி நேரத்தைத்தான் மெச்ச வேண்டும். காலை 7.40க்கு விடுகிறேன். ஒரு மணி நேரம் ரயில், ஒன்பது மணி நேரம் ஆபீஸ், திரும்ப ஒரு மணி நேரம், ஸ்டேஷனுக்கு நடை, டீ. ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தால் 7.35க்கு வண்டி என் கையில். போன வாரம் ரயில் எங்கோ நின்று யோசித்துவிட்டு வந்தது, மணி 7.52. “அடுத்த ஸ்லாப் சார், 40.” ரயில் தாமதித்ததற்கு அபராதம் கட்டியது நான். வாங்கியது தாங்கள். ரயிலுக்குச் சேதாரம் இல்லை. ஹெல்மெட்டுக்குத் தனியாக 5 ரூபாய். அது வண்டி மேலேயே தொங்கினாலும் தனி ஜீவனாம்.

இடத்துக்கு விலை இல்லை என்று நான் சொல்லவில்லை. இலவசப் பார்க்கிங் ஊருக்கு எவ்வளவு நஷ்டம் என்று டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் தலையணை கனத்துக்குப் புத்தகமே போட்டிருக்கிறார். ஆனால் இந்த வேப்பமரத்துக் காக்கைகள் என் டாங்க் மீது தினமும் போடும் கையெழுத்தை அவர் பார்த்ததில்லை. ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியை மட்டும் தாங்கள் வருஷா வருஷம் புதுப் பெயிண்டில் எழுதுவதையும்தான்.

பிளாட்பாரம் டிக்கெட்டோடு ஒப்பிட்டுத் தங்களை மடக்கலாம் என்று பார்த்தேன். மனிதன் நிற்க 2 மணி நேரத்துக்கு 10 ரூபாய். கணக்குப் போட்டால் என்னைவிட என் வண்டி மலிவாக நிற்கிறது. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

இன்னொரு கணக்கு வீட்டில் நடக்கிறது. போக வர ஒரு லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 100 ரூபாய். எதிர்வீட்டு மூர்த்தி அண்ணன் பின்னால் உட்கார்ந்தால் ஆளுக்கு 50. ரயிலும் ஸ்டாண்டும் ஹெல்மெட்டும் சேர்த்து எனக்கு 50. ரயில் ஒரு நாள் யோசித்தால் 65. நாளைக்கே நாங்கள் இரண்டு பேரும் ஜிஎஸ்டி ரோட்டில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்.

ஆகவே, போஸ்டரைப் பிய்த்து சீசன் தொகையைக் காட்டவும். ஸ்லாபை 13 மணி நேரமாக்கவும். காக்கைக்குத் தனிக் கட்டணம் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.

இதை வண்டி மேலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். மணி 7.39. கையெழுத்தை நாளைக்கு வந்து போடு