அசல் பை எது?

2017-இல் ஆடம்பர ஃபேஷன் நிறுவனமான பலென்சியாகா ஒரு நீலத் தோல்பையைக் கடைக்குக் கொண்டுவந்தது. விலை 2,145 டாலர். பார்வைக்கு அப்படியே ஐகியா மரச்சாமான் கடை அப்போது 99 சென்ட்டுக்கு விற்ற நீலப் பை. அழுக்குத்துணி அள்ளிப்போட உதவும் சரக்கு.

ஐகியா கோர்ட்டுக்குப் போகவில்லை. அசலைக் கண்டுபிடிக்க வழி சொல்லி விளம்பரம் போட்டது: உதறினால் சலசலக்க வேண்டும், அழுக்கானால் தோட்டக் குழாயில் அலசலாம், செங்கல்கூடச் சுமக்கலாம். இரண்டாயிரம் டாலர் தோலுக்கு இந்தச் சோதனைகளை வைத்தால் வாங்கியவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும்.

பலென்சியாகா அசரவில்லை. 2022-இல் குப்பைப் பை வடிவத்தில் கன்றுத்தோல் பை, 1,790 டாலர். வாயில் சுருக்குக் கயிறு வேறு. சும்மா சொல்லக்கூடாது, முந்தையதைவிட மலிவு!

செங்கலுக்கும் பஞ்சமில்லை. நியூயார்க் ஆடை நிறுவனமான சுப்ரீம் 2016-இல் தன் பெயர் பொறித்த செங்கலை 30 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் பல மடங்கு விலைக்கு ஈபேயில் ஏற்றினார்கள். அதை வைத்துச் சுவர் எழுப்ப யாருக்கு மனசு வரும்?